லேசான வாத்தியம், கனமான விலை

ஐரோப்பாவின் முதல் லூட் கைவினைஞர் சங்கம் உருவான ஊர் ஃப்யூஸென். கையில் கொஞ்சம் பணத்தோடு தன் முதல் லூட்டைத் தேடும் கிடார் கலைஞர் கடைக்குப் போவதற்கு முன் பார்க்கவேண்டிய ஊரும் அதுதான்.

மியூனிக்கிலிருந்து கிளம்பும் ரயில் இரண்டு மணி நேரத்தில் ஃப்யூஸெனுக்கு வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. எதிரே ஆல்ப்ஸ் மலைதான். இறங்குகிற கூட்டத்தில் பெரும்பாலோர் நிலையத்தின் வாசலிலேயே பஸ் பிடித்து, நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869ல் கட்டத் தொடங்கி, 1886ல் இறக்கும்வரை முடிக்காமல் விட்டுப்போன அந்தக் கோட்டையைப் பார்க்க ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். 2025ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பிடித்துவிட்டது. இனி கூட்டம் குறைய வழியில்லை.

பஸ் ஏறாமல் பழைய நகரத்துக்குள் நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். லெஹ் ஆற்றங்கரையில் ஸாங்க்ட் மாங் என்ற பழைய பெனடிக்டின் மடம் இருக்கிறது. இப்போது அது நகர அருங்காட்சியகம். அங்குள்ள புனித அன்னாள் சிற்றாலயத்தில் யாகோப் ஹீபெலர் 1602ல் தீட்டிய ‘மரண நடனம்’ இருக்கிறது. போப்பாண்டவர் முதல் பச்சைக் குழந்தை வரை ஒருவர் விடாமல் எலும்புக்கூடு வந்து அழைத்துப்போகும் ஓவிய வரிசை. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அதே மடத்தில் இன்னொரு காட்சி காத்திருக்கிறது: கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக லூட்களும் வயலின்களும்.

பாதிப் பேரிக்காயைக் கவிழ்த்து வைத்தது போன்ற குடம். கழுத்து முடிகிற இடத்தில் ஏறக்குறைய செங்கோணத்தில் பின்பக்கமாக மடங்கிக் கிடக்கும் பிருடைப் பெட்டி. மேல்பலகையின் நடுவே, ஒட்டவைக்காமல் அந்தப் பலகையிலேயே குடைந்து எடுத்த ரோஜாச் சித்திரம். பெயரும் உருவமும் அரபு நாட்டு ‘ஊத்’ தந்தவை. ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த அந்த வாத்தியம் 16ஆம் நூற்றாண்டில் அங்கே வாத்தியங்களின் ராஜாவாக இருந்தது.

கிடார் வாசிக்கிற ஒருவர் இந்த அறைக்குள் நுழைந்தால் அவருக்குள் ஓடுகிற எண்ணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஜான் டௌலண்ட், ஃப்ரான்செஸ்கோ தா மிலானோ, ஸில்வியஸ் லியோபோல்ட் வைஸ் என்று அவர் பல வருஷமாகக் கிடாரில் வாசித்துவரும் பாட்டுகளில் பலவும் உண்மையில் இந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்பில் படித்த நாவலை மூலத்தில் படிக்கவேண்டும் என்று ஒருநாள் ஆசை வருவதைப் போல அவருக்கும் ஆசை வருகிறது. அடுத்த கேள்வி, என்ன விலை? அதற்கடுத்தது, மலிவாக எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ஃப்யூஸெனின் பழைய கதையைத் தெரிந்துகொண்டால் இந்த வில்லங்கம் புரியும். லூட் செய்யத் தேவையானதெல்லாம் இந்த ஊரைச் சுற்றியே இருந்தது. மேல்பலகைக்கு, குளிர் மலையில் நிதானமாக வளர்ந்து நெருக்கமான ரேகை விட்ட ஸ்ப்ரூஸ். குடத்துக்கு மேப்பிள், யூ மரங்கள். யூ மரத்துக்கு அந்தக் காலத்தில் இன்னொரு பெரிய கிராக்கியும் இருந்தது. இங்கிலாந்து வில்வீரர்களின் நெடுவில்லுக்காக மத்திய ஐரோப்பாவின் யூ மரங்கள் வண்டி வண்டியாக ஏற்றுமதியாயின. ஒரே மரத்தில் ஒரு துண்டு போர்க்களத்துக்கும் இன்னொரு துண்டு மாளிகைக் கூடத்துக்கும் போயிருக்கலாம்.

சரக்கு போகவும் வழியிருந்தது. ரோமானியர் போட்ட பழைய சாலை ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போனது. லெஹ் ஆற்றில் தெப்பம் கட்டி விட்டால் அவுக்ஸ்பர்க் போய்ச் சேரலாம். 1562ல் ஃப்யூஸென் லூட் தச்சர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஐரோப்பாவில் லூட் செய்வோருக்கான முதல் சங்கம் அது. ஊரில் இருபது பட்டறைகளுக்கு மேல் கூடாது என்று விதியும் போட்டார்கள். இருக்கிறவர்களின் பிழைப்பைக் காப்பாற்ற அது நல்ல விதி. தொழில் கற்று முடித்த இளைஞர்களுக்கோ அது ஊரைவிட்டுக் கிளம்பு என்ற உத்தரவு.

கிளம்பியவர்களால்தான் ஊருக்குப் பெயர் கிடைத்தது. சங்கம் உருவாவதற்கு முன்பே போனவர்களும் உண்டு. வெனிஸ், பதுவா, பொலோனா, ரோம், லியோன் என்று அன்றைய பெரிய நகரங்களிலெல்லாம் இந்த வட்டாரத்து ஆட்கள் பட்டறை போட்டார்கள். இந்தப் பக்கத்தைச் சேர்ந்த காஸ்பர் டீஃபன்ப்ருக்கர் பிரான்சின் லியோன் நகரில் குடியேறி, 1558ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, 1571ல் அங்கேயே இறந்தார். ஊர் அவருக்கு இப்போது பிராயச்சித்தம் செய்திருக்கிறது: பழைய ரொட்டிச் சந்தைச் சதுக்கத்தில் உள்ள லூட் தச்சர் நீரூற்று அவர் நினைவாக நிற்கிறது.

அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பொலோனாவில் தொழில் செய்த லௌக்ஸ் மாலர் என்ற ஜெர்மானியர் 1552ல் இறந்தபோது அவர் சொத்துப் பட்டியலில் சுமார் 1,100 லூட்கள் இருந்தன. வாடிக்கையாளர் வந்து கேட்டபின் செய்கிற ஆளின் சரக்கல்ல அது. கடைக்கு வந்தால் எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, வாங்கிக்கொண்டு போகலாம். இன்று நிலைமை தலைகீழ். நல்ல லூட் செய்யத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் குறைவு. பெரும்பாலும் ஒற்றை ஆள் பட்டறைகள். சொல்லிவைத்தால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். புதிய லூட் மிக எளிய வகையானாலும் சில ஆயிரம் யூரோ ஆகும். ஓரளவு நல்ல மாணவர் கிடாரை அதில் நாலில் ஒரு பங்கு பணத்துக்கு எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம் என்பதுதான் கிடார் கலைஞருக்கு முதல் அதிர்ச்சி.

ஏன் இந்த விலை? ஃப்யூஸென் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் பாதி விடை இருக்கிறது. குடம் ஒரே கட்டையில் குடைந்ததல்ல. தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலாக்கட்டையில் குடைகிறார்கள். லூட் தச்சரோ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பட்டைகளைச் சூட்டில் வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, தோல் பசையால் ஒட்டுகிறார். மேல்பலகையும் ஏறக்குறைய அதே கனம்தான். அதன் அடியில் குறுக்கே ஒட்டிய மெல்லிய சட்டங்கள் மட்டுமே தாங்கல். முழு வாத்தியமும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஸ்பானிஷ் கிடார் ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும்.

விடையின் மறுபாதியைக் கையில் எடுத்தால்தான் தெரியும். கிடாரின் ஒவ்வொரு தந்தியும் ஆறு, ஏழு கிலோ விசையோடு இழுபட்டு நிற்கிறது. லூட் தந்திக்கு மூன்று கிலோ சொச்சம் போதும். விரல் தொட்டதும் அசைய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பலகை அவ்வளவு மெலிதாக இருக்கிறது. கனத்த மரத்தில் செய்த லூட்டுக்கு வாய் இருக்கும், குரல் இருக்காது.

மலிவு லூட்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியின் பழம்பொருள் சந்தைகளில் சுற்றினால் லூட் போலவே தோன்றும் ஒரு வாத்தியம் அடிக்கடி கண்ணில் படும். பேரிக்காய்க் குடம், ரோஜாச் சித்திரம், சில சமயம் கழுத்தில் சாயம் போன ரிப்பன்கள். விலையும் மனசுக்கு இதமாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் இரட்டைத் தந்திகள் இல்லை, ஒற்றையாக ஆறே தந்தி. மெட்டுகள் கழுத்தில் அடித்த உலோகக் கம்பிகள். சுருதி கிடார் சுருதி. இது லூட் அல்ல, லூட் வேஷம் போட்ட கிடார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘வாண்டர்ஃபோகல்’ என்ற பெயரில் ஜெர்மன் இளைஞர்கள் நகரத்தைவிட்டுக் காடும் மலையுமாக நடக்கக் கிளம்பினார்கள். போகிற வழியில் நாட்டுப்பாட்டு பாட, பழைய காலத்து வாத்தியம் போல ஒன்று வேண்டியிருந்தது. ஸாக்ஸனி மாநிலத்துப் பட்டறைகள் அதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. அந்தக் காலத்தின் ஞாபகப்பொருளாகச் சுவரில் மாட்ட அது அழகு. பாட்டுக்குத் துணையாக மீட்டவும் குற்றமில்லை. டௌலண்டை அதில் வாசிப்பதும் வீட்டுக் கிடாரில் வாசிப்பதும் ஒன்றுதான். சில சமயம் வீட்டுக் கிடார் மேலாகவே இருக்கும். கிடார் கலைஞர்தான் இதில் எளிதாக ஏமாறுகிறார். எடுத்த உடனே வாசிக்க வருகிறதே என்ற சந்தோஷம் அவரை ஏமாற்றுகிறது.

இன்னொரு மலிவுச் சரக்கு வருவது நமக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து. கால்பந்துக்கும் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கும் பெயர்பெற்ற பாகிஸ்தானின் சியால்கோட்டில் வாத்தியங்களும் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பேக்பைப் அங்கே தயாராகிறது, லூட்டும் தயாராகிறது. சில நூறு டாலருக்கு அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கும் லூட்களில் பல அங்கிருந்து போனவை. பார்க்க லட்சணமாகவே இருக்கும். ஆனால் சீஷம் போன்ற கனத்த மரம், தடித்த மேல்பலகை, நெருக்கியடித்த தந்திகள், திருகினால் வழுக்கும் பிருடைகள் என்று லூட் வாசிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார்கள் பல. சில விற்பனையாளர்கள் மெட்டும் பிருடையும் தந்தியும் மாற்றிச் சரிபண்ணி விற்பதுண்டு. அப்படிச் செய்தது கொஞ்சம் தேவலை. கனத்தை மட்டும் யாராலும் குறைக்க முடியாது.

இந்தியாவில் இருக்கிற கிடார் கலைஞருக்கு அந்தச் சபலமும் இப்போது இல்லை. அமிர்தசரஸிலிருந்து நேர்கோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர் தூரம்தான் சியால்கோட். ஆனால் இரு நாட்டு வர்த்தகம் 2019ல் முறிந்தது. 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் சரக்கு எதுவும் நேராகவோ சுற்றி வளைத்தோ வரக்கூடாது என்று தடை போட்டது. அமெரிக்கக் கடையில் ஆர்டர் கொடுத்தாலும் வாத்தியம் எங்கே செய்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது சுங்கத்திலேயே தங்கிவிடும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

முதல் தப்பு பாஹ் பக்கம் இருக்கிறது. கிடார் படித்தவர்களுக்குப் பாஹின் லூட் தொகுப்புகள் மனப்பாடம். எனவே லூட் என்றால் பாஹ், பாஹ் என்றால் பரோக் லூட் என்று நேராக அங்கே போகத் தோன்றும். பரோக் லூட்டுக்குப் பதின்மூன்று வரிசை, 24 தந்தி. சுருதியும் கிடாருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு முறை. விலையும் அதற்கேற்ப ஏறும். லூட் வாசிப்பவருக்கு ஆயுளில் பாதி சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும் என்ற கிண்டல் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. முதல் லூட்டாக இதை வாங்குவது, சைக்கிள் பழக லாரி வாங்குவது மாதிரி.

ஆரம்பிக்க ஏற்றது ஏழு அல்லது எட்டு வரிசை மறுமலர்ச்சிக் கால லூட்தான். முதல் தந்தி மட்டும் ஒற்றை, மற்றவை ஜோடி ஜோடியாக. எட்டு வரிசைக்குப் பதினைந்து தந்தி. தந்தியின் நீளம் அறுபது சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். கிடாரில் அது 65. ஆறு வரிசை போதாதா என்றால், மிலானோவுக்குப் போதும், டௌலண்டின் பல பாட்டுகளுக்குப் போதாது. பத்து வரிசை அதிகம். ஏழா எட்டா என்பதில் வாத்தியக்காரர்களுக்குள் முடியாத சண்டை உண்டு. வாங்குகிறவர் அதில் மாட்டிக்கொள்ளாமல் நல்ல நிலையில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வகையில் இன்று செய்யப்படும் பல லூட்களுக்கு மாதிரி, வெண்டெலியோ வெனரே 1582ல் பதுவாவில் செய்து இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் லூட். டீஃபன்ப்ருக்கர் வம்சத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அவருடையது. நாலரை நூற்றாண்டு கழித்தும் புதிதாகக் கற்க வருகிறவர் கையில் கிடைப்பது, ஃப்யூஸென் வட்டாரத்துத் தச்சர்கள் மலையைத் தாண்டி இத்தாலிக்குக் கொண்டுபோன கைப்பழக்கத்தின் நகல்.

அழகைப் பார்த்து வாங்கக்கூடாது என்பது புதிய புத்திமதியல்ல. தாமஸ் மேஸ் என்ற ஆங்கிலேய லூட் வாத்தியார் 1676ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் லௌக்ஸ் மாலர் செய்த இரண்டு லூட்களைப் பார்த்த கதை வருகிறது. அடிபட்டு, விரிசல் விட்டு, பார்க்கவே பரிதாபமாக இருந்த அந்தக் கிழட்டு வாத்தியங்களுக்கு அன்றைய மதிப்பு தலா நூறு பவுன். மூன்று, நாலு பவுனுக்குக் கிடைக்கிற லூட்களோ சாதாரணக் கண்ணுக்கு இதைவிடப் பகட்டாக இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மாலர் இறந்து அப்போதே நூற்றிருபது வருஷம் ஆகியிருந்தது. நல்ல மரம் வயசாக ஆகக் கனிகிறது. ஸ்வீடன் நாட்டு லூட் கலைஞர் யாகோப் லிண்ட்பெர்க் அவுக்ஸ்பர்க்கில் ஸிக்ஸ்டஸ் ரவுவோல்ஃப் செய்த, நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட லூட்டில் இன்றும் வாசிக்கிறார். அதன் மேல்பலகை மரத்தின் வளையங்கள் 1418 முதல் 1560 வரையிலானவை என்று கண்டறிந்திருக்கிறார்கள்.

அந்த விலையெல்லாம் நம்மவருக்கு எட்டாது. அவருக்கு ஏற்றது, பெயர் தெரிந்த ஒரு தச்சர் இருபது முப்பது வருஷம் முன்பு செய்து, யாரோ வாசித்துப் பழகி, இப்போது கைமாறுகிற அலங்காரமில்லாத லூட். பிரிட்டனின் லூட் சங்கம் 1956ல் தொடங்கியது, அமெரிக்கச் சங்கம் 1966ல். இரண்டுமே உறுப்பினர்களுக்கு லூட்களை வாடகைக்குக் கொடுக்கின்றன. ஆறு மாசம், ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அங்கே வசிப்பவர்களுக்கும், படிக்கவோ வேலைக்கோ போயிருப்பவர்களுக்கும் இதைவிட மலிவான வழியில்லை. இந்தியாவிலிருந்து தேடுகிறவர் பழைய வாத்தியத்தைத்தான் நம்பவேண்டும். அதற்கும் முடிந்தால் நேரில் போவது உத்தமம்.

நேரில் போனால் செய்யவேண்டியது சில உண்டு. முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனத்தால் கீழே வைத்துவிடலாம். பிறகு கழுத்தின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குதிரை வரை நோட்டம் விட வேண்டும். வருஷக்கணக்கான இழுப்பில் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தால் தந்தி மெட்டுக்கு மேலே ஓங்கி நிற்கும். கிடாரானால் குதிரையின் மேல் இருக்கும் எலும்புத் துண்டை இழைத்துத் தந்தியைத் தாழ்த்திவிடலாம். லூட்டின் குதிரையில் அந்தத் துண்டே கிடையாது. கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றி ஒட்டினால்தான் தீரும், அதற்கு ஆகிற செலவில் பாதி லூட் வாங்கிவிடலாம். மெட்டுகள் தேய்ந்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம். கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்ட நரம்புகள்தான் அவை. நகர்த்தலாம், அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். பிருடை ஒவ்வொன்றையும் திருகிப் பார்க்க வேண்டும். பதினைந்தில் ஐந்து வழுக்கினாலும் மாலைப் பொழுது நாசம். ரோஜாவைச் சுற்றிப் பலகை பள்ளம் விழுந்திருக்கிறதா, விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் உள்ளே சட்டம் ஏதாவது விட்டுப்போய்க் கிடுகிடுக்கிறதா என்பதும் முக்கியம்.

உட்கார்ந்து மடியில் வைத்ததும் வாத்தியம் வழுக்கிக்கொண்டு ஓடும். முதுகு உருண்டை, கிடார் போல இடுப்பு வளைவும் இல்லை. வார் கட்டிக்கொள்ளலாம், அல்லது வழுக்காத தோல் துண்டை மடியில் விரித்துக்கொள்ளலாம். இதைக் கண்டு பயந்து வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழகாத விஷயம் வேறு. அது நகம்.

ஸ்பானிஷ் கிடார் வாசிக்கிறவர் வலது கை நகத்தை வளர்க்கிற அக்கறையில் பாதியைக்கூட வேறெதிலும் காட்டுவதில்லை. கிடாரின் ஓசையே அந்த நகத்தில்தான் இருக்கிறது. லூட்டின் ஜோடித் தந்திகளைச் சதையால் தொட வேண்டும். சுண்டு விரலை மேல்பலகையில் ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே விட்டு, இரண்டு தந்தியையும் சேர்த்து அழுத்தி எடுக்க வேண்டும். நகம் பட்டால் ஒரு தந்தி கிளிக் என்று ஒலிக்க, இன்னொன்று சும்மா இருக்கும். விதிவிலக்கும் உண்டு. அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினினி என்ற கலைஞர் 1623ல் பொலோனாவில் அச்சிட்ட நூலில் நகத்தால் வாசிப்பதை ஆதரித்தே எழுதியிருக்கிறார். நம் காலத்தில் ஜூலியன் ப்ரீம் (1933-2020) கிடாரின் நகத்தோடும் கிடார் பழக்கத்தோடும், பழைய லூட்களைவிடக் கனமாகக் கட்டிய லூட்டில் வாசித்து, லட்சக்கணக்கானவர்களுக்கு டௌலண்டை அறிமுகப்படுத்தினார். அவர் இல்லாவிட்டால் லூட்டை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ப்ரீமுக்குப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் நகத்தை வெட்டிவிட்டார்கள்.

எனவே கிடார் கச்சேரி செய்து பிழைக்கிறவர் முதல் லூட்டுக்கு முன் தீர்மானிக்க வேண்டியது விலையை அல்ல, வலது கையை. இரண்டும் வேண்டும் என்பவர்கள் நகத்தைக் குட்டையாக விட்டு நடுவழியில் போகிறார்கள். கிடாரில் கொஞ்சம் போகும், லூட்டில் கொஞ்சம் போகும். மாசச் சம்பளம் தருவது எது என்று பார்த்து முடிவெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தந்தி விஷயத்தில் தமிழருக்கு ஒரு சின்ன வசதி உண்டு. ‘நரம்பு’ என்றால் யாழின் தந்தி என்று நம் மொழி நினைவு வைத்திருக்கிறது. லூட்டுக்கும் ஆட்டுக் குடல் நரம்புதான் பூர்வீகத் தந்தி. இன்றும் கிடைக்கிறது, விலை அதிகம், ஈரக்காற்று ஆகாது. சென்னைக்கோ கொச்சிக்கோ கொண்டுவருகிறவர் நைலான் அல்லது நரம்பைப் போல ஒலிக்கும் செயற்கை இழையைக் கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். யாழைப் போலவே லூட்டும் செத்துப் பிழைத்த வாத்தியம். 1800 வாக்கில் அது கிட்டத்தட்ட மறைந்துபோனது. லண்டனில் ஆர்னால்ட் டோல்மெட்ஷ் 1893ல் ஒன்றைச் செய்து பார்த்த பிறகுதான் மீண்டும் உயிர் வந்தது. விபுலானந்த அடிகள் 1947ல் வெளியான ‘யாழ் நூல்’ மூலம் யாழை மீட்கப் பார்த்தார். அவருக்குக் கிடைக்காத ஒன்று டோல்மெட்ஷுக்குக் கிடைத்தது. எந்த மெட்டில் எந்த விரல் என்று குறித்துவைத்த ஆயிரக்கணக்கான லூட் பாட்டுகள் ஐரோப்பிய நூலகங்களில் பத்திரமாக இருந்தன.

மெலிந்த மரமும் தோல் பசையும் நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் எப்படித் தாங்கும் என்பது உண்மையான கவலை. வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மதியம் விட்டுவைத்தால் ஒட்டுகள் வாயைப் பிளக்கும். மேஸுக்கும் ஈரம்தான் எதிரி, அவருடையது இங்கிலாந்தின் ஈரம். தினமும் படுக்கிற கட்டிலில் கம்பளிக்கு நடுவே லூட்டைப் பகலெல்லாம் படுக்கவைக்கச் சொல்கிறார். விரிப்புக்குள் மட்டும் கூடாதாம், அங்கே வியர்வை ஈரம் இருக்கும். யாரும் தெரியாமல் கட்டிலில் விழுந்துவிடக்கூடாது என்று எச்சரிக்கவும் மறக்கவில்லை. நம் ஊருக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது. உறுதியான பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், வெயில் படாத அறை என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஃப்யூஸெனில் லூட் தொழில் முப்பதாண்டுப் போரில் நொடிந்து, வயலினுக்கு மாறி, 19ஆம் நூற்றாண்டில் அணைந்துபோனது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய தெருக்களில் சில பட்டறைகள் மறுபடி முளைத்தன. அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பி அந்தத் தெருக்களில் நடப்பவர் கையில் முன்பணம் இருந்தால் ஒரு லூட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டு மாலை ரயில் பிடிக்கலாம்.

முன்பணம் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. கிடாரின் மூன்றாவது தந்தியை அரை ஸ்வரம் இறக்கி, மூன்றாவது மெட்டில் கேபோ எனும் பிடிப்பானை மாட்டினால், அது அப்படியே மறுமலர்ச்சி லூட்டின் முதல் ஆறு வரிசைகளின் சுருதி. நானூறு வருஷத்துக்கு முந்தைய லூட் குறிப்பை ஒரு எழுத்து மாற்றாமல் அதில் வாசிக்கலாம். லூட்டுக்காகக் காத்திருக்கிற ஒரு வருஷம் முழுக்க மிலானோவை அதில் வாசித்துப் பழகலாம். நகத்தை வெட்டிக்கொண்டும் வாசித்துப் பார்க்கலாம்.